கோட்டை மான்கள் லைம் நோயைப் பரப்புவதில்லை

"பிரெட்ரிக் கோட்டை மான்களில் இருக்கும் உண்ணியால் திருகோணமலையில் லைம் நோய் பரவும், மான்களை அப்புறப்படுத்துங்கள்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். மானில் உண்ணி இருக்கும், சரி. மற்றது பிழை.

லைம் நோய் என்பது உண்ணி கடித்து வரும் ஒரு பக்டீரியா நோய். அதைப் பரப்புபவை இக்சோடெஸ் என்ற உண்ணி இனத்தின் சில வகைகள். அவை அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா போன்ற குளிர் பிரதேசங்களில் வாழ்பவை. அங்கேயும் மான் லைம் நோய்க் கிருமியை உண்ணிக்குக் கொடுப்பதில்லை. குஞ்சு உண்ணி பெரும்பாலும் எலியின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் அந்தக் கிருமியான பொரேலியா பக்டீரியா அதற்குள் போகிறது. வளர்ந்த உண்ணிக்கு மான் வெறும் சாப்பாட்டுக்கடை.

நம் நாட்டில் உண்ணியால் வருவதில் கவனிக்க வேண்டியது புள்ளிக் காய்ச்சல். அது ரிக்கெட்சியா கிருமியால் வருவது, டொக்சிசைக்கிளின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும். காய்ச்சலோடு உடம்பில் தடிப்பும் இருந்தால் உண்ணி கடித்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மானை மட்டும் பார்க்காமல் வீட்டு நாயின் காதையும், தெருவில் படுக்கும் கட்டாக்காலி மாடுகளையும் பாருங்கள், அவற்றிலும் உண்ணி உண்டு.

இன்னொன்று, உண்ணி மரத்திலிருந்து பாயாது. புல் நுனியில் முன்கால்களை விரித்துக் காத்திருந்து, உரசிப் போகிறவரைப் பற்றிக்கொள்ளும். கடித்த உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். காதுக்குள் போயிருந்தால் நீங்களாகக் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.