அந்தப் பாட்டைப் பாடியவர் வாணி ஜெயராம்

ஞாயிற்றுக்கிழமை டிவி பாட்டு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். ‘மேகமே மேகமே’ பாடிய அந்தச் சிறுமி நன்றாகவே பாடினாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் வேறொரு பாடகியின் பெயரைச் சொல்லி, அவருக்காகக் கைதட்டச் சொன்னாரே, அதைத்தான் சொல்கிறேன். நடுவர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஒருவர்கூடத் திருத்தவில்லை.

பாடியவர் வாணி ஜெயராம். 1981இல் வந்த ‘பாலைவனச் சோலை’ படம். இசை சங்கர்-கணேஷ். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

“வாய் தவறி வந்திருக்கும், விடுங்கள்” என்கிறார்கள். அது நேரலை அல்ல. பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பலர் பார்த்த பிறகு வெளியிட்டது. ஒரு கதாநாயகனின் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? இன்னொரு பாடகியை மட்டம் தட்டுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. அவர் பாட்டு அவருக்கு, இவர் பாட்டு இவருக்கு. அவ்வளவுதான்.

வேலூரில் கலைவாணியாகப் பிறந்தவர் வாணி. ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். பம்பாய்க்குப் போய் இந்துஸ்தானி கற்று, 1971இல் வசந்த் தேசாய் இசையில் இந்தியில் பாடிப் பெயர் வாங்கியவர். ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாட்டுக்குத் தேசிய விருது பெற்ற அதே குரல்தான், ‘நித்தம் நித்தம் நெல்லு சோறு’ என்று நேற்று வைத்த மீன்குழம்புக்கும் ஏங்கியது. மூன்று தேசிய விருதுகள். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதைக் கையில் வாங்கும் முன்பே, பிப்ரவரி 4 அன்று போய்விட்டார். இருக்கும்போதும் தாமதம், போன பிறகும் பெயர் மாற்றமா?

என் அம்மா தையல்காரி. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், இசை, பாடியவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மட்டும் அம்மாவின் கால் மிதியில் அசையாது. ஊசி துணிக்குள் குத்தியபடி நிற்கும். பெயர்களைக் கேட்டு முடித்த பிறகுதான் மறுபடி சக்கரம் சுழலும். முதல் வரியிலேயே குரலை அடையாளம் சொல்ல எங்களுக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

இரண்டு வருடமாக அம்மாவுக்கு மறதி. சில நாள் என் பெயரே வராது. ஞாயிறன்று அந்தப் பாட்டு தொடங்கியதுமே “வாணி” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு தொகுப்பாளர் அந்தப் பெயரைச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். “எனக்குத்தான் மறந்துவிட்டதா?” என்று கேட்டாள். நீ சொன்னதுதான் சரி அம்மா என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. “டிவியில் தப்பாகவா சொல்வார்கள்?” என்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இது சின்ன விஷயம் என்பவர்களிடம் இதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. வரும் ஞாயிறு ஒரே ஒரு வரி திருத்தம் சொல்லுங்கள். அம்மாவை டிவி முன்னால் உட்காரவைத்திருப்பேன்.