குண்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தொலைநோக்கி

பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வந்தால் என்ன செய்வது என்று பேச்செடுத்தாலே, பலரும் நேரே அணுகுண்டுக்குப் போய்விடுகிறார்கள். வருவதே தெரியாவிட்டால் குண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கல் வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வானத்தில் என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலோரம் போனவர்கள் மேல், சற்று நேரத்தில் அதிர்வலை வந்து கண்ணாடியைச் சிதறடித்தது. ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம். ஜன்னல் பக்கம் போகாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்திருந்தால், அதில் பெரும்பாலோருக்குக் கீறல்கூட விழுந்திருக்காது.

சரி, பெரிய கல் என்றால்? தள்ளிவிட முடியும் என்று நிரூபித்தாயிற்று. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டிமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி அதன் சுற்றுப்பாதையை மாற்றியது. ஆனால் அந்த மோதலால் அதன் வேகம் மாறியது நொடிக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவு மாற்றம் பூமியைத் தப்பவைக்கும் தூரமாகச் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். சில மாதம் முன்னால் தெரிந்து பயனில்லை, அதற்குள் ஒரு விண்கலத்தைக் கட்டி முடிக்கவே முடியாது.

140 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 90 சதவீதத்தை 2020-க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. கெடு தாண்டியும் பாதியைக்கூட எட்டவில்லை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நினைவிருக்கிறதா? 2032-இல் மோத 3 சதவீத வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் உலகமே பதறியது. பிறகு அந்த ஆபத்து இல்லை என்று தெரிந்தது, நிம்மதி. ஆனால் அந்தக் கல் பூமிக்கு மிக அருகே வந்துபோய் இரண்டு நாள் கழித்துத்தான் நம் கண்ணில் பட்டது. என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

இருண்ட கற்களையும் அவற்றின் வெப்பத்தை வைத்தே பிடிக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை, நியோ சர்வேயர் என்ற பெயரில், நாசா தயாரிக்கிறது. சூரியனுக்குப் பக்கத்துத் திசையிலும் தரையிலிருந்து பார்ப்பதைவிட நன்றாக அதால் தேட முடியும். பட்ஜெட்டில் கைவைத்ததால் அதை ஏவும் தேதி தள்ளிப்போனது. உலகத்துக்கே பொதுவான ஆபத்துக்கு ஒரு நாட்டின் பட்ஜெட்டை நம்பி உட்கார்ந்திருப்பது எப்படி நியாயம்? விண்கலம் ஏவத் தெரிந்த ஒவ்வொரு நாடும் இதற்கென்று பணம் ஒதுக்க வேண்டும், இப்போதே.