விடிஞ்சா போட்டி, இப்பவா கோழியைக் குளிப்பாட்டுறது?

சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. விடிஞ்சா கோழிக் கண்காட்சி, வளர்க்கிறவை இரவு பத்து மணிக்குத்தான் கோழியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள்ள போவினம். பரிசு கிடைக்காட்டி நடுவரில பிழை, ஷாம்பூவில பிழை.

கொழும்புப் புழுக்கத்தில, அதுவும் மழை மாசத்தில, துவாயே ஒரு நாளில காயாது. பஞ்சு மாதிரி இறகுள்ள சில்க்கிக் கோழி எப்படி ஐயா காயும்? அதின் இறகில ஒண்டையொண்டு பூட்டிப் பிடிக்கிற கொளுக்கிகள் இல்லை, தண்ணி நேர உள்ள இறங்கிடும். மேலால தடவினாக் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும். செட்டைக்குக் கீழ விரலை விட்டுப் பாருங்கோ, சொதசொத எண்டு இருக்கும். உடனே ட்ரையரை முழுச் சூட்டில கிட்டப் பிடிக்கிறது. நுனி கருகிச் சுருண்ட இறகு, புது இறகு முளைக்கும் வரைக்கும் அப்படியேதான் நிக்கும்.

காய்ஞ்சாலும் வேலை முடியேல்லை. வாலடியில எண்ணெய்ச் சுரப்பி இருக்குது. சவர்க்காரம் இறகில இருந்த எண்ணெயைக் கழுவிப் போட்டா, கோழி சொண்டால எடுத்துக் கோதிக் கோதித் திரும்பப் பூச ரெண்டு மூண்டு நாள் வேணும். அதுக்கு முதல் கொண்டுபோனா, கறுப்புச் சேவல் சாம்பல் பூசின மாதிரி மங்கித்தான் நிக்கும். சனிக்கிழமை போட்டியெண்டா புதன்கிழமை குளிப்பாட்டுங்கோ.

மூண்டு பேசின், மூண்டிலயும் இளஞ்சூட்டுத் தண்ணி. முதலாவதில குழந்தை ஷாம்பூவைக் கரைச்சுப்போட்டுக் கோழியை இறக்குங்கோ. இறகில நேர ஊத்தாதேங்கோ, அலசி முடியாது. இறகு போற பக்கமாகவே தடவுங்கோ. நனைஞ்ச இறகை எதிர்ப்பக்கம் தேய்ச்சா முறியும். ரெண்டாவதில 10 லீட்டருக்கு அரைக் கோப்பை வினாகிரி, மிச்சச் சவர்க்காரத்தை அது எடுக்கும். மூண்டாவது வெறும் தண்ணி. வெள்ளைக் கோழிக்கு நீலம் போடுறவை ஒரு சொட்டோட நிப்பாட்டுங்கோ, நீலக் கோழிக்குத் தனிப் பிரிவு இருக்குது. இளஞ்சூட்டில கோழி சொக்கித் தலையைத் தொங்கப் போடும், மூக்குக்குள்ள தண்ணி போகும். ஒரு கை எப்பவும் கழுத்தடியில இருக்கவேணும். ஃபோன் பாக்கிற நேரமில்லை அது.

இறகு இறுகிப் படிஞ்ச சண்டைக்கோழி இனமான அசீலுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. காலையும் முகத்தையும் ஈரத்துணியால துடைச்சாப் போதும்.

கடைசியா வாஸ்லின். கொண்டையில மெல்லிசாத் தடவித் துடைச்சு விடவேணும். வழிய வழிய அப்பி, கூண்டு மரத்தூள் முழுக்கத் தாடியில ஒட்டினாப் பிறகு, அதையும் நடுவர் வந்து துடைக்க வேணுமா?