நான் வாங்கிக் கொடுத்த பலகை எங்கே?

"மரம்னா மக்கத்தானே தம்பி செய்யும்?"

நேற்று மும்பை வெர்சோவாவில் என் படகுக்கு முன்னால் நின்றுகொண்டு படகு ரிப்பேர்காரர் சொன்ன வார்த்தை இது. போன மே மாதம் என்னிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எஞ்சின் தொங்குகிற பின்பலகையை மாற்றிக் கொடுத்தவர். மாற்றியதாகச் சொன்னவர்.

பழைய ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே வழவழவென்று ஃபைபர், உள்ளே மரம். பின்பலகைக்குள் ஒன்றரை அங்குல ப்ளைவுட், தரைக்கு அடியில் நீளமாக ஓடும் கட்டைகள். எவனோ ஒருவன் ஒரே ஒரு ஸ்க்ரூவைப் பசை வைக்காமல் முறுக்கியிருந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கடல்தண்ணீர்கூடப் பரவாயில்லை, உப்பு இருப்பதால் பூஞ்சைக்குப் பிடிக்காது. மழைத்தண்ணீர்தான் எமன். நம் ஊரில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அது எப்படிக் கொட்டும் என்று தெரியும்தானே.

மழை முடிந்து படகை இறக்கலாம் என்று எஞ்சின் போல்ட் ஒன்றைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. ஐந்தே மாதம்! வயிறு பகீரென்றது. அவருக்குப் போன் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். வந்ததும் டீ. டீ முடிந்ததும் சுத்தியலை எடுத்து மேல் ஓரத்தில் ஒரு தட்டு. டக்கென்று கேட்டது. "பாருங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றார். கீழே தட்டுங்க அண்ணே என்றேன். மறுபடியும் மேலேதான் தட்டினார். நான் சுத்தியலை வாங்கி, தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் தட்டினேன். பொத். ஒரு சாண் தள்ளித் தட்டினேன். பொத். மூலைக்கு மூலை தட்டினேன். பொத், பொத், பொத். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி என்று டிரில்லை எடுத்து, வெளித் தோலைத் தொடாமல் உள்பக்கத்திலிருந்து 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டேன். காய்ந்த மரமாக இருந்தால் வெளுத்த தூள் வரும். வந்தது ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை. ஈரமாக, கறுப்பாக, நாற்றத்தோடு. அதை அவர் உள்ளங்கையில் வைத்தபோதுதான் அந்த வசனத்தைச் சொன்னார்.

மக்கிய மரத்தை அவர் எடுக்கவே இல்லை. அதன் மேலேயே இரண்டு பரப்பு ஃபைபர் மேட் ஒட்டி, ரெசின் தடவி, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார். உள்ளே இருந்த ஈரத்தை வெளியே போக விடாமல் மூடி வைத்திருக்கிறார். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியாதா? உள்தோலை அறுத்து, மக்கியதையெல்லாம் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, 19 மி.மீ. பலகை இரண்டை எபாக்சி என்கிற பசை வைத்து ஒட்டி, ஓரங்களை அடைத்து, அப்புறம்தான் ஃபைபர். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அதற்குள் மறுபடியும் துளைக்க வேண்டும். எல்லாம் தெரியும். மே மாதம் எனக்கே அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

பலகையை நானே ரே ரோட்டில் வாங்கிக் கொடுத்தேன். 8 அடிக்கு 4 அடி, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் ப்ளை. 72 மணி நேரம் வேகவைத்தாலும் பிரியக்கூடாது என்பது அந்தத் தரம். அந்தப் பலகை எங்கே அண்ணே என்று கேட்டேன். பதில் இல்லை. அவருடைய ஷெட்டுக்கு நடந்தேன். அங்கே ரெசின் டப்பாக்களுக்கு அடியில், நாலு ட்ரம்மின் மேல், மேசையாகக் கிடந்தது. முழுப் பலகை. ஒரு மூலையைக்கூட அறுக்கவில்லை. முத்திரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பின்பலகையில் தொங்குவது 75 கிலோ எஞ்சின். முடுக்கினால் படகு முழுவதையும் அந்த ஒரு பலகைதான் தாங்கித் தள்ள வேண்டும். அதன் பக்கத்தில் உட்காருவது என் மகள். அது நடுக்கடலில் பிய்த்துக்கொண்டு போயிருந்தால்? இதைக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். "அதான் ஒண்ணும் ஆகலையே தம்பி" என்கிறார்.

பலகையைத் திங்கட்கிழமை ஆள் வைத்து எடுத்துவிடுவேன். பின்பலகையை நானே அறுக்கப்போகிறேன், டிசம்பர் ஆனாலும் பரவாயில்லை.

நனைந்த சட்டையோடு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால், அந்தேரி ஸ்டேஷனுக்கு வர ஒரு ரிக்‌ஷாக்காரரும் தயாராக இல்லை. மும்பையில் மீட்டர் போடுவார்கள் என்று ஊரில் எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். மீட்டர் போடுவது இருக்கட்டும், முதலில் வண்டியை நிறுத்துங்களய்யா!