வளைகுடாக் குழந்தைகளின் ரிக்கெட்ஸ்: குற்றம் தாய்ப்பாலின் மீதல்ல

"வளைகுடாவில் கொளுத்துகிற வெயிலிலும் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது, தாய்ப்பாலில் சத்தில்லை, பால்பவுடருக்கு மாறுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரிக்கெட்ஸ் என்பது பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு மென்மையாகி வளைகிற நோய். முதல் பாதி உண்மை. சவுதி, அமீரகக் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் பலமுறை பதிவாகியிருக்கிறது. முடிவுதான் தவறு.

வெயில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும்; அப்போதுதான் உடலில் வைட்டமின் டி உருவாகும். அந்தச் சூட்டில் கைக்குழந்தையை யார் வெளியே தூக்கிப் போவார்கள்? ஏசி அறையின் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் வைட்டமின் டி உருவாகாது. அதற்கான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உடலை முழுக்க மூடும் உடையால் தாய்க்கும் பற்றாக்குறை; கருவிலேயே குழந்தைக்கும் சேமிப்பு குறைவு. தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவுதான், அரபுத் தாய்க்கு மட்டுமல்ல, எல்லா ஊரிலும். பவுடரில் அதைச் சேர்த்து விற்கிறார்கள், வேறு மாயம் இல்லை.

அதனால்தான் தாய்ப்பாலை நிறுத்தாமலே, பிறந்ததிலிருந்து தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அமீரகத்தின் அல் ஐனில் கர்ப்பிணி அரபுப் பெண்களுக்குத் தினம் 400, 2000, 4000 யூனிட் எனப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. தாய், சேய் இருவரின் வைட்டமின் டி அளவையும் அதிகம் உயர்த்தியது 4000தான். ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.