இருக்கும் ஸ்ட்ரிங்கை இறக்கினால் லோ ஜி வராது

"விரல் வலித்தால் யுகுலேலேயின் (நான்கு தந்திகள் கொண்ட சின்ன கிட்டார் போன்ற கருவி) ஜி ஸ்ட்ரிங்கை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கி லோ ஜி ஆக்கிவிடுங்கள், அழுத்துவது சுலபம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழக்கமான ஜி 392 ஹெர்ட்ஸ், லோ ஜி 196. அதே ஸ்ட்ரிங்கில் அதிர்வெண் பாதியானால் இழுவிசை கால்வாசியாகிவிடும். தொளதொளவென்று ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மோதிக் கரகரக்கும், சுருதியும் நிற்காது. லோ ஜிக்கென்றே தடிமனான ஸ்ட்ரிங் தனியாகக் கிடைக்கிறது. அதற்கு நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சின்னப் பட்டை) உள்ள பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கலாம்.

அப்புறம், வலிக்கு ஒரு முக்கியக் காரணம் நட் உயரம். மலிவான கருவிகளில் இது சகஜம். இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுக்கு நடுவே ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதைவிட நன்றாக அதிகமென்றால் பள்ளம் ஆழமில்லை. எஃப் கார்டு (முதல் ஃபிரெட்டிலும் அழுத்த வேண்டிய ஒரு சுரக்கூட்டு) பிடிக்கும்போது உயிர் போவது அதனால்தான். தெரிந்தவரிடம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அராவச் சொல்லுங்கள். அதிகம் அராவிவிட்டால் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே கரகரக்கும்.

இன்றைக்கே சற்று மெத்தென்று வேண்டுமானால் நான்கு ஸ்ட்ரிங்கையும் அரை சுரம் இறக்குங்கள். இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறையும், கார்டு பிடிக்கும் விதம் மாறாது.