டீச்சர் இன்னும் பார்க்கல

போன வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விட்டேன். ஈராசிரியர் பள்ளி. ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தார். தலைமையாசிரியை கையில் போனுடன் ஆப்பில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் போட்ட கணக்கையே அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஏன்டா என்றேன். “டீச்சர் இன்னும் பார்க்கல.”

அரசுப் பள்ளி வாத்தியார்கள் வேலைக்கே வருவதில்லை என்று டீக்கடையில் பேசுவது சுலபம். 2003-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் இந்தியப் பள்ளிகளுக்குப் போனபோது நாலில் ஒருவர் இல்லை. அதைத்தான் இன்னமும் தூக்கிக்கொண்டு அலைகிறோம். அதே ஆய்வில், பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் மொத்தத்தில் பாதிப் பேர்தான். அப்படியென்றால் இன்னொரு கால்வாசிப் பேர் பள்ளிக்கு வந்தும் பாடத்தில் இல்லை. எனக்கு இந்தக் கால்வாசிதான் உறுத்துகிறது. 2017-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் பார்த்தபோது, காரணமே இல்லாமல் மட்டம் போட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். வராத மற்றவர்கள் விடுப்பிலோ பயிற்சியிலோ வேறு அலுவலிலோ இருந்தார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். கணக்குக்குச் சரிதான். ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே? ஒருவர் நகர்ந்தால் பள்ளியே ஓராசிரியர் பள்ளி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு அவர்களை அனுப்பக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. போனில் வரும் வேலைக்கு யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை, அதனால் அது கணக்கில் வருவதில்லை போலும்.

பள்ளிச் சூழல் என்றதும் சுவரில் படம் வரைவார்கள். வரையட்டும். காலை உணவு வந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மணியடிக்கும் முன்பே வந்துவிடுகிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் வந்த பிள்ளையிடம், “நேத்து ஏன் வரல, காய்ச்சலா?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

கூட்டத்தில், பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் கேட்டுத் தீர்மானம் போட்டோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் தலைமையாசிரியை போனை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க சார், இதையும் ஆப்ல ஏத்தணும்.”